பழைய கைக்கடிகாரத்தின் டயல் அசலா, மறுபடி வண்ணம் பூசியதா? கேள்வி பதில்

கீழக்கரையில் பல ஆண்டுகளாகக் கடிகாரப் பழுது பார்க்கும் வேலை செய்துவருகிறேன். தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள கடற்கரை ஊர்க்காரர்கள் டயலைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கீழக்கரை): ஐயா, 1970களின் கடைசியில் என் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த சீகோ 5 என்னிடம் இருக்கிறது. ஒருமுறை வெளியூரில் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினோம். டயலை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: சீகோவில் இதைச் சரிபார்ப்பது எளிது. பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு மேலும் நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கும் மெஷினின் எண்; உதாரணமாக 7009. டயலில் ஆறு மணிக்குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் குறியீடும் அதே நான்கு இலக்கத்தில் தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம். அவை கேஸுக்கு (மெஷினைச் சுற்றியுள்ள வெளிக்கூட்டுக்கு) ஒன்றாகவும் டயலுக்கு வேறாகவும் இருப்பது வழக்கம். மறுபடி பூசிய டயல்களில் இந்தப் பொடி எழுத்து பெரும்பாலும் விடுபட்டிருக்கும், அல்லது மை பரவித் தடித்திருக்கும். டயலில் இத்தனை ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்க மெஷினில் பதிக்கும் சிறு கற்கள்) என்று அச்சிட்டிருந்தால், மெஷினில் பொறித்துள்ள எண்ணிக்கையும் அதுவாகவே இருக்க வேண்டும். பின்மூடியின் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் இரண்டாவது மாதத்தையும் காட்டும். முதல் இலக்கம் 8 என்றால் அது 1978ஆகவும் இருக்கலாம், 1988ஆகவும் இருக்கலாம். வாப்பா ஊர் திரும்பிய ஆண்டைக் கொண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி (ராமேசுவரம்): தம் தாத்தா 1964 புயலுக்கு முன்பு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், கொழும்பில் வாங்கிய சுவிஸ் கடிகாரம் என்று சொல்லி ஒருவர் விற்க வந்தார். டயல் நல்ல நீலம். இருட்டில் இரவு முழுவதும் பச்சையாக ஒளிர்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த ஒளியே அவர் சொல்வதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1960களின் தொடக்கம் வரை முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பூச்சையே தடவினார்கள்; அதன் பிறகு டிரிட்டியம் என்ற இன்னொரு கதிர்வீச்சுப் பொருள் வந்தது. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்தக் கதிர்பட்டு ஒளிர வேண்டிய துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளிலேயே சிதைந்துவிடுவதால், அறுபது ஆண்டு கடந்த ரேடியப் பூச்சு ஒளிராது, பழுப்பேறிக் கிடக்கும். டிரிட்டியம் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அறுபது ஆண்டில் அதில் எஞ்சுவது முப்பதில் ஒரு பங்குதான். ஆகவே இரவு முழுவதும் ஒளிர்வது 1990களிலோ அதற்குப் பிறகோ தடவிய பூச்சாகத்தான் இருக்க முடியும். முள்ளுக்கு மட்டும் பிற்காலத்தில் தடவினார்களா, டயல் முழுவதையும் பூசினார்களா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். டயலின் அடியில் "சுவிஸ்" என்ற சொல்லுக்கு இருபுறமும் ஆங்கில "டி" எழுத்து இருந்தால் அது டிரிட்டியத்தைக் குறிக்கும். 1950களின் கடிகாரம் என்று சொல்லி விற்பதில் அந்த எழுத்து இருந்தால் நம்ப வேண்டாம். அக்காலத்துச் சுவிஸ் டயல்கள் பெரும்பாலும் வெள்ளி நிறம், வெள்ளை, கறுப்பு என்ற வகையிலேயே வந்தன. பளபளக்கும் நீலத்தைக் கண்டதும் ஆசைப்படாமல், அதே மாதிரியின் பல படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு படத்தோடு ஒப்பிடுவது போதாது. படத்தில் இருப்பதும் பூசியதாக இருக்கலாம். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: பழைய ரேடியப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போவது உடலுக்குக் கேடு.

கேள்வி (பாம்பன்): மீன்பிடித் தொழிலில் இருந்த என் மாமாவின் எச்.எம்.டி. ஜனதா. மெஷினில் துரு இருக்கிறது, டயல் மட்டும் புதிதாக இருக்கிறது. நல்ல டயல் என்று மகிழலாமா?

பதில்: நம் கடற்கரையில் வாழ்ந்த கடிகாரத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. உப்புக்காற்று சாவியின் வழியாகவும் கண்ணாடியின் ஓரத்தின் வழியாகவும் உள்ளே நுழைகிறது. அது மெஷினின் எஃகுத் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும்போது டயலை மட்டும் விட்டுவைக்காது. டயலின் தகடு பெரும்பாலும் பித்தளை. அதன் மேலுள்ள மெருகு ஓரத்தில் முதலில் கொப்பளிக்கும், பிறகு பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும். சாவி இருக்கும் மூன்று மணிப் பக்கத்தில் கறை கூடுதலாகத் தெரியும். மாமாவின் மெஷின் துருவேறியிருக்க டயலில் ஒரு புள்ளிகூட இல்லை என்றால், அது பிற்காலத்தில் பூசியதாகவோ வேறு கடிகாரத்திலிருந்து எடுத்துப் பொருத்தியதாகவோதான் இருக்கும். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி. அந்த ஆலைகள் மூடப்பட்ட பிறகு பழைய மெஷினில் புது டயல் ஏற்றி விற்பது மிகவும் பெருகிவிட்டது. டயலும் முள்ளும் கேஸும் மெஷினும் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அழகை அதன் பிறகுதான் பார்ப்பேன்.

கேள்வி (மண்டபம்): லென்ஸ் வைத்துப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் நேராக வந்து சேர்கின்றனவா, எழுத்தின் முனைகள் கூர்மையாக உள்ளனவா, ஒரே எழுத்து இரண்டு இடங்களில் வரும்போது ஒரே வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். தேதிச் சாளரத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் வண்ணம் மேலே ஏறியிருக்கிறது. சிறு விநாடி வட்டத்துக்குள் வளையம் வளையமாக வெட்டிய நுண்கோடுகள் அடைபட்டிருந்தாலும் அப்படியே. டயலைக் கழற்றிப் பார்க்க வாய்த்தால் பின்புறத்தைப் பாருங்கள்: மெஷினில் பொருந்தும் இரண்டு சிறு கால்கள் ஒடிந்து பசையால் ஒட்டியிருந்தால், யாரோ அதை எடுத்து வேலை செய்திருக்கிறார்கள். கத்தியால் நீங்களே மூடியை நெம்ப வேண்டாம்.

கேள்வி (தொண்டி): அத்தாவின் கடிகார டயல் மங்கிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு முன் புதிதாகப் பூசிக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன். துடைத்தாலாவது போதுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூசுவதென்றால் பழைய வண்ணத்தையும் எழுத்தையும் பித்தளை தெரியும்வரை நீக்கிவிட்டுத்தான் பூசுவார்கள். அத்தாவின் கண் ஆயிரம் முறை பட்ட எழுத்து அதோடு போய்விடும். மறுபடி கொண்டுவர வழியே இல்லை. துடைப்பதும் ஆபத்துதான். தொழில் கற்ற நாளில் ஈரப் பஞ்சால் ஒரு டயலைத் துடைத்தேன். கறை இருந்த இடத்திலேயே இருந்தது, கடிகாரத்தின் பெயர் பஞ்சில் வந்துவிட்டது. அந்த வீட்டாரிடம் அதைத் திருப்பிக் கொடுத்தது இன்றும் மனத்தில் உறுத்துகிறது. கண்ணாடியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகிக் கீறல் விழுந்திருப்பதால், பாதி மங்கல் அதிலேயே இருக்கக்கூடும்.

கேள்வி (தேவிபட்டினம்): டயலின் ஓரத்தில் சிறிய வெட்டு இருந்தால் மறுபடி பூசியது என்கிறார்களே?

பதில்: வெட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பழைய வண்ணத்தை நீக்கிய பிறகு திசை தவறாமல் அச்சிடுவதற்காகப் பூசுபவர்கள் அரத்தால் ஒரு வெட்டுப் போடுவதுண்டு. சில நிறுவனங்கள் ஆலையிலேயே அச்சில் வெட்டியதும் உண்டு. ஆலை வெட்டு சீராக இருக்கும்; அர வெட்டு கோணலாக, பிசிறோடு இருக்கும். அப்படிப்பட்ட பிசிறைக் கண்டால் எழுத்தையும் தேதிச் சாளரத்தையும் லென்ஸில் இன்னொரு முறை பாருங்கள்.