நாடு குலைந்தால் ஆயுளும் குறையுமா?

கேள்வி: ஒரு நாட்டின் பொருளாதாரம் திடீரென்று சரிந்தால் மக்களின் ஆயுளே குறையுமா, இல்லை கொஞ்ச நாள் கஷ்டப்பட்டு மீண்டுவிடுவார்களா?

குறையும், அதுவும் வேகமாக. ரஷ்யாவில் 1990-ல் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64. சோவியத் யூனியன் உடைந்தபின் 1994-ல் அது 58-க்கும் கீழே போய்விட்டது. பஞ்சம் வரவில்லை, கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டு போகவில்லை. பெண்களுக்கும் குறைந்தது, ஆனால் சுமார் 3 வருடம்தான்.

யார் செத்தார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கனக்கிறது. கஷ்டகாலத்தில் கைக்குழந்தைகளும் முதியவர்களும்தான் முதலில் போவார்கள் என்று நினைப்போம் இல்லையா? அங்கே இறப்பு விகிதம் மிக அதிகமாக ஏறியது வேலை செய்யும் வயது ஆண்களிடம். மாரடைப்பு, சாராய விஷம், தற்கொலை, கொலை, விபத்து.

வேலை, வீடு, குழந்தைகள் காப்பகம், வைத்தியம், கோடை விடுமுறை எல்லாமே ஒரே தொழிற்சாலை வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், அந்த ஒரே வருடத்தில் விலைவாசி இருபது மடங்குக்கு மேல் ஏறியது, ஆயுசுக்கும் சேர்த்துவைத்த பணம் ஒன்றுமில்லாமல் போனது. அப்புறம் சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. சில ஆலைகளில் காசுக்குப் பதிலாக அங்கே செய்த கண்ணாடிச் சாமானையே கொடுத்தார்கள், அதை ரயில் நிலையத்தில் நின்று விற்றால்தான் சாப்பாடு.

குடிதான் காரணம், பொருளாதாரத்தைச் சொல்லாதீர்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. குடியின் பங்கு மிகப் பெரியது, உண்மைதான். 1985-ல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவைக் கட்டுப்படுத்தியதும் சாவுகள் குறைந்தன. தொண்ணூறுகளில் மற்ற பொருள்களோடு பார்த்தால் ஓட்கா மலிவாகிவிட்டது, சிலர் ஓடிகொலோனைக்கூடக் குடித்தார்கள். ஆனால் 1998 ஆகஸ்டில் ரஷ்ய நாணயமான ரூபிளின் மதிப்பு விழுந்தபோது, கொஞ்சம் தேறியிருந்த ஆயுள் மறுபடியும் இறங்கியதே, அதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

சரி, எங்கும் இப்படித்தான் நடக்குமா என்றால், இல்லை. பக்கத்து நாடான பின்லாந்தில் அதே காலத்தில் வேலையில்லாதவர்கள் 3 சதவீதத்திலிருந்து 15-க்கும் மேலே போனார்கள். அங்கே இறப்பு விகிதம் தொடர்ந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வேலை போனவருக்கு உதவித்தொகை வந்தது, மருத்துவமனைக் கதவு மூடவில்லை. வேலையோடு சேர்ந்து மற்ற எல்லாமும் ஒரே நாளில் கைவிட்டுப் போவதுதான் ஆளைக் கொல்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

மீண்டுவிடுவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். 1987-ல் ரஷ்ய ஆண்களுக்கு இருந்த ஏறத்தாழ 65 வயது என்ற சராசரியை மறுபடி எட்ட 2013 வரை ஆனது.