பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதிய கோப்பின் கடைசியில் ?> போடாமல் விடுகிறார்களே, அது தப்பில்லையா?

தப்பே இல்லை. ?> என்பது "பிஎச்பி இத்தோடு சரி, இனி வருவதை அப்படியே பிரவுசருக்கு அனுப்பு" என்று சொல்லும் குறி. கோப்பு முடிந்தாலே பிஎச்பியும் முடிந்ததுதான், தனியாகச் சொல்லத் தேவையில்லை. முழுக்க பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் அதைப் போடவே கூடாது என்கிறது பிஎஸ்ஆர்-12 என்ற பிஎச்பி எழுத்துநடை விதிமுறை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ?> குறிக்கு அடுத்து வரும் ஒரே ஒரு வரி முறிவை பிஎச்பி விழுங்கிவிடும். ஆனால் அதற்கு மேல் ஒரு காலி வரியோ, கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸோ இருந்தால் அதுவும் பக்கத்தின் உள்ளடக்கமாக வெளியே போய்விடும். அந்தக் கோப்பை உள்ளே இழுத்துக்கொண்ட இன்னொரு கோப்பு அப்புறம் குக்கீ வைக்கவோ வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடவோ பார்த்தால், ஹெட்டர் (பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்குப் போகும் தகவல்) ஏற்கெனவே போய்விட்டது என்று எச்சரிக்கை வரலாம். கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு உறையில் முகவரி எழுத நினைப்பது மாதிரிதான், உள்ளே வெறும் தாள் இருந்தாலும் போனது போனதுதான். நானும் ஒருமுறை, வேறு ஏதோ கோப்பின் அடியில் இருந்த ஒரு ஸ்பேஸுக்காக லாகின் பக்கத்தை அரை நாள் நோண்டியிருக்கிறேன்.

பழைய கோப்பில் ?> குறியை நீக்கும்போது கடைசி வரியில் கட்டளையை முடித்துவைக்கும் அரைப்புள்ளி (;) இருக்கிறதா என்று பாருங்கள், அதுவரை அந்தக் குறியே அரைப்புள்ளி வேலையையும் பார்த்திருக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் ?> வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்: பிஎச்பிக்குப் பிறகு எச்டிஎம்எல் வருகிற டெம்ப்ளேட்டில் அது இல்லாவிட்டால் அந்த எச்டிஎம்எல்லையும் பிஎச்பி என்று நினைத்துப் படித்துப் பிழை காட்டும்.