எதிர்பார்ப்பு யார் தலையில்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஜெர்மனி பையருக்கு, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் பையர் ஓகே செய்ய வேண்டிய மாதிரி) விஷயமாக 'வீ ஆர் எக்ஸ்பெக்டிங் யுவர் அப்ரூவல் பை ஃப்ரைடே' என்று மெயில் போட்டேன். 'எனக்கே கெடு வைக்கிறாயா' என்கிற தொனியில் பதில் வந்தது. எங்கள் சீனியர், 'எக்ஸ்பெக்ட் மரியாதை இல்லாத சொல், இனிமேல் ஆன்டிசிபேட் என்று போடு' என்கிறார். இவற்றில் எது மரியாதையான சொல்? ப்ரெடிக்ட், ஃபோர்காஸ்ட் இரண்டும் ஒன்றுதானா? 'எதிர்பார்' என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளும் நமக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிபடுமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். காத்திருப்பது, நம்பியிருப்பது, ஏங்குவது, உத்தேசிப்பது, வழிமேல் விழி வைப்பது எல்லாம் உங்கள் பாட்டிக்கு வேறு வேறு காரியங்கள். நமக்குப் புழக்கம் விட்டுப்போனதற்குத் தமிழைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் மெயிலில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, மனசை விட்டுவிடாதீர்கள். உங்கள் சீனியர் சொன்ன வைத்தியம்தான் நோயைவிட மோசம். அவர் இந்தச் சொற்களையெல்லாம் மரியாதைக் கணக்கில் வரிசைப்படுத்துகிறார். நீளமான லத்தீன் சொல் என்றால் கூடுதல் பணிவு என்று நினைக்கிறார். நம் அலுவலக ஆங்கிலம் முழுக்க இந்த மூடநம்பிக்கையில் ஊறிக்கிடக்கிறது. இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: நினைத்தது நடக்காமல் போனால் பாரம் யார் தலையில் விழும்?

எக்ஸ்பெக்ட் என்றால் பெரும்பாலும் எதிராளி தலையில். 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போர். சண்டை தொடங்கும் முன் தன் கப்பல்களுக்கு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் கொடியால் ஒரு செய்தி அனுப்பச் சொல்கிறார். ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து நம்பிக்கை வைத்திருக்கிறது என்ற பொருளில் 'கன்ஃபைட்ஸ்' என்பதுதான் அவர் சொன்ன சொல். கொடி அதிகாரி ஜான் பாஸ்கோ, அந்தச் சொல் சங்கேதப் புத்தகத்தில் இல்லை, எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும், 'எக்ஸ்பெக்ட்ஸ்' என்றால் அதற்குத் தனி எண் இருக்கிறது, சீக்கிரம் முடியும் என்றார். நெல்சனும் சரி என்றார். 269 என்ற எண்ணுக்குரிய கொடிகள் ஏறின. நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய், நம்பிக்கை தெரிவிக்கும் வாசகம் கடமையை நினைவூட்டும் வாசகமாகிவிட்டது. எங்கள் கடமை எங்களுக்குத் தெரியாதா என்று மாலுமிகள் சிலர் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். உங்கள் ஜெர்மன் பையரின் எரிச்சலும் அதே ஜாதிதான். 'ஒன்பது மணிக்கு வர எக்ஸ்பெக்ட் செய்யப்படுகிறீர்கள்' என்று எச்ஆர் எழுதினால் அது ஆருடமா? உத்தரவு.

இனி ஆன்டிசிபேட். லத்தீன் மூலத்தில் 'முன்னாலேயே கைப்பற்றுவது' என்று பொருள். வெறுமனே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஆன்டிசிபேட் செய்வதில்லை. வரப்போவதை நினைத்து ஏதோ ஒன்றைச் செய்துவிட்டவன்தான் செய்கிறான். மழை வரும் என்று நினைத்தால் எக்ஸ்பெக்ட். அப்படி நினைத்து, காயப்போட்ட துணியை எடுத்துவிட்டால் ஆன்டிசிபேட். இன்றைக்கு ஆங்கிலேயர்களே இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், அகராதிகளும் ஒப்புக்கொண்டுவிட்டன என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பணம் புழங்கும் இடத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது, அங்கேதான் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். லேப் டிப் (சாய நிறத்துக்கான சிறு துணி மாதிரி) ஓகே ஆகாமல் துணியைச் சாயத்துக்குப் போடக்கூடாது. பிபி சாம்பிள் ஓகே ஆகாமல் பல்க் கட்டிங், அதாவது மொத்த ஆர்டருக்குத் துணி வெட்டுவது, போடக்கூடாது. சீனியர் பேச்சைக் கேட்டு 'இன் ஆன்டிசிபேஷன் ஆஃப் யுவர் அப்ரூவல்' என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். உங்கள் ஒப்புதல் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டோம் என்றுதான் பையர் படிப்பார். கழுத்து ரிப்பில் அரை சென்டிமீட்டர் மாற்றச் சொல்லலாம் என்றிருந்தவர், வெட்டிய பீஸ்களை என்ன செய்வீர்கள் என்று கேட்பார். நிராகரித்தால் நஷ்டம் யாருக்கு? அந்த வாக்கியத்தை எழுதியவருக்கு. பாரம் எழுதியவர் தலையில் விழுகிற சொல் அது. மரியாதைக்காகப் போட்ட சொல் கட்டிங் டேபிள் வரைக்கும் வந்துவிடும்.

சட்டக்காரர்கள் இதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். முன்ஜாமீன் என்று தினமும் பேப்பரில் படிக்கிறோமே, ஆன்டிசிபேட்டரி பெயில், அது கைது வரும் முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு. 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆம் பிரிவாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 482. கைது செய்யப்படலாம் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வெறும் பயம் நம்பிக்கை ஆகாது என்று 1980இல் குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பேடன்ட் சட்டத்திலும் இதே சொல் உண்டு: உங்கள் கண்டுபிடிப்பு முன்னரே எங்காவது வெளியாகியிருந்தால் அது 'ஆன்டிசிபேட்' ஆகிவிட்டது, காப்புரிமை கிடையாது. உங்களுக்கு முன் ஒருவர் கைப்பற்றிவிட்டார் என்று அர்த்தம்.

ஹோப் என்றால் பாரம் யார் தலையிலும் இல்லை. ரயில்வேக்கு வார்ப்பு எஃகு போகி (வண்டியின் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) சப்ளை செய்யும் டெண்டர் தகராறு ஒன்று, ஹிந்துஸ்தான் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கு, 1993இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 'நியாயமான எதிர்பார்ப்பு' என்ற கோட்பாடு அங்கே விவாதத்துக்கு வந்தது. நீதிமன்றம் இந்தச் சொற்களைக் கிட்டத்தட்ட அகராதிக்காரர் போலப் பிரித்து வைத்தது. சட்டத்தின் பார்வையில் எக்ஸ்பெக்டேஷன் வேறு, ஆன்டிசிபேஷன் வேறு. விருப்பமும் ஆசையும் ஹோப்பும் எவ்வளவு மனப்பூர்வமாக இருந்தாலும் உரிமை கோரும் எதிர்பார்ப்பு ஆகாது. ஏமாற்றம் மட்டும் இருந்தால் சட்டம் தலையிடாது. ஹோப்பை வைத்துக் கேஸ் போட முடியாது. அந்தத் தீர்ப்பை உங்கள் சீனியருக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவெய்ட்டுக்குப் பின் 'ஃபார்' வராது; வெய்ட்டுக்குத்தான் வரும். 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' தப்பு, 'ஹியரிங்' சரி. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'யுவர் ரிப்ளை' என்று ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். பெயர் உட்கார்ந்தால் 'ஐஎன்ஜி' வேண்டும். 'ஐ எக்ஸ்பெக்ட் யூ டு கம்' சரி. ஹோப்பையும் ஆன்டிசிபேட்டையும் அதே அச்சில் வார்க்க முடியாது. 'ஷி இஸ் எக்ஸ்பெக்டிங்' என்று பாதியில் நிறுத்தினால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று அர்த்தம், எனவே யாரைப் பற்றி எழுதினாலும் என்ன எதிர்பார்க்கிறார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

ப்ரெடிக்ட், ஃபோர்காஸ்ட் இரண்டும் ஒன்றில்லை. 1861இல் லண்டனில் வானிலையைப் பத்திரிகையில் வெளியிடத் தொடங்கிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிட்ஸ்ராய், இவை தீர்க்கதரிசனங்களோ ப்ரெடிக்ஷன்களோ அல்ல, கணக்குப் போட்டு வந்த கருத்துகள் என்று காட்டத்தான் ஃபோர்காஸ்ட் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். தப்பினால் பழி வராமல் இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். பலிக்கவில்லை. தப்பியபோதெல்லாம் கேலி செய்தார்கள்.

உங்கள் மெயிலுக்கு வருகிறேன். எக்ஸ்பெக்டும் வேண்டாம், ஆன்டிசிபேட் வேண்டவே வேண்டாம். 'கைண்ட்லி'யை மூன்று இடத்தில் தூவவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கிடைத்தால் திங்கள் கட்டிங் போடுகிறோம், சொன்ன எக்ஸ்-ஃபேக்டரி தேதியில் சரக்கு தொழிற்சாலையிலிருந்து கிளம்பும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அந்தத் தேதி ஒரு நாள் தள்ளும். இதை இரண்டு வரி எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். தேதியைத் தடித்த எழுத்தில் போட்டு, டெக் பேக்கின் (ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய குறிப்பு) எந்த வெர்ஷன் என்பதையும் சப்ஜெக்டில் குறிப்பிட்டுவிடுங்கள்.