பெட்டிக்குள் இருக்கும் பீங்கான்

கேள்வி: பல ஆண்டுகள் சேமித்து, பீங்கான் டயல் வைத்த டிரெஸ் வாட்ச் (நல்ல உடுப்போடு கட்டுகிற மெல்லிய வாட்ச்) ஒன்று வாங்கினேன். இரண்டு ஆண்டில் ஏழெட்டு முறைதான் கட்டியிருப்பேன். வீட்டில் தாத்தாவின் பாக்கெட் வாட்ச் இருக்கிறது. அதுவும் பீங்கான் டயல்தான். அதில் விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். ‘பீங்கானை அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும், கையில் கட்டக் கூடாது’ என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கட்டுங்கள். நாளைக்கே கட்டுங்கள். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டு ஆண்டாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவது, அந்த வாட்சில் வயதே ஏறாத ஒரு பாகத்தை. வயது ஏறுகிற மற்ற பாகங்களோ அந்தப் பெட்டிக்குள்தான் கெட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் தாத்தாவின் வாட்சுக்கு வருகிறேன். உங்கள் பயம் அங்கேதான் தொடங்குகிறது. அது பெரும்பாலும் பீங்கானாக இருக்காது. பழைய பாக்கெட் வாட்சுகளின் வெள்ளை டயலைப் பீங்கான் என்று சொல்லும் பழக்கம் விற்பவர்களிடமும் சேகரிப்பவர்களிடமும் உண்டு. உண்மையில் அது எனாமல். மெல்லிய செம்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, 800 டிகிரி செல்சியஸையொட்டிய சூட்டில் உருக்கிப் படியவைத்தது. தகடு கொஞ்சம் வளைந்தால் செம்பு தாங்கிக்கொள்ளும். மேலே இருக்கும் கண்ணாடி தாங்காது. ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விளிம்பிலிருந்தோ, முள் உட்காரும் நடுத் துளையிலிருந்தோ, டயலின் கால்கள் (டயலை இயந்திரத்தோடு பிடித்து வைக்கும் சிறு கம்பிகள்) பற்றவைக்கப்பட்ட இடத்திலிருந்தோதான் அந்த விரிசல் கிளம்பியிருக்கும். அதாவது வாட்சைத் திறப்பவரின் கருவியும் கையும் அழுத்தக்கூடிய இடங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடமும் எனாமல் டயல் பாக்கெட் வாட்ச் ஒன்று உண்டு. எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் தினமும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர். அத்தனை ஆண்டிலும் டயலில் ஒரு கோடு விழவில்லை. நான் பத்திரமாக இருக்கட்டும் என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது 4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பழுது பார்த்தவர் டயலின் கால்களைப் பிடித்திருக்கும் பக்கவாட்டுத் திருகுகளைத் தளர்த்தாமலே டயலை நெம்பியிருக்கிறார். அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆனால் அதற்காக அந்த வாட்சை நான் பூட்டி வைக்கவில்லை.

இப்போது உங்கள் வாட்ச். உங்களுடையது உண்மையான பீங்கான் என்றால், டயலுக்குள் உலோகத் தகடு கிடையாது. சீனக்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் மூன்றையும் சேர்த்து 1300 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த வில்லை அது. உள்ளேயும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை. ஜப்பானில் அரிட்டா ஊர்க்காரர்கள் 1600களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள்; செய்கோ வாட்ச் நிறுவனம் தன் பிரெசாஜ் வரிசையின் சில வாட்சுகளில் அரிட்டா பீங்கான் டயலை வைக்கிறது. ஜெர்மனியில் மெய்சன் பீங்கான் ஆலை 1710இல் தொடங்கியது. அதே சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த கிளாஷூட்டே ஒரிஜினல் என்ற வாட்ச் நிறுவனம் மெய்சன் பீங்கானில் டயல் செய்திருக்கிறது.

கிண்ணம் செய்வதைவிட டயல் செய்வது ஏன் கடினம் என்று யோசித்திருக்கிறீர்களா? சூளையில் பீங்கான் சுருங்கும். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கிவிடும். 30 மில்லிமீட்டர் டயல் வேண்டுமானால் 35 மில்லிமீட்டர் அளவில் செய்து உள்ளே அனுப்ப வேண்டும். சுருங்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் போச்சு, ஏனென்றால் முள்கள் டயலுக்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஓடுகின்றன. கிண்ணத்தின் விளிம்பு அந்த அளவு நெளிந்தால் யாருக்கும் தெரியாது. டயல் அப்படி நெளிந்தால் முள் உரசும். உங்கள் டயல் அந்தச் சூளையைத் தாண்டி வந்திருக்கிறது. முழுக்கைச் சட்டைக்குள் உட்கார்ந்திருப்பது அதற்கு ஒரு சோதனையே இல்லை.

பீங்கான் உடையும்தானே என்பீர்கள். உடையும். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆனால் வாட்சுக்குள் அதை யார் வளைக்கப் போகிறார்கள்? மேலே கண்ணாடி, சுற்றிலும் எஃகு, அதன் மேல் எந்தப் பாரமும் இல்லை. வெயிலில் நிறம் போகுமோ என்ற பயமும் வேண்டாம். மெய்சன்காரர்கள் 1720களில் கோபால்ட் நீலத்தில் இட்ட குறுக்கு வாள் முத்திரை இன்றைக்கும் நீலமாகவே இருக்கிறது. ஒருவேளை வாட்சுக்குள் ஈரம் புகுந்தாலும் பீங்கான் அதை உறிஞ்சாது. முதலில் கெடுவது எஃகுப் பாகங்கள்தான்.

பெட்டிக்குள் எது கெடுகிறது என்று பாருங்கள். சாவி கொடுக்கிற வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ, உள்ளே இருக்கும் எண்ணெய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளாக நாளாகக் கெட்டியாகும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இறுகும். தோல் வார் காய்ந்து வெடிக்கும், ஈரமான அலமாரி என்றால் பூஞ்சை பிடிக்கும். இவற்றை நீங்கள் கவனிக்க வேண்டுமானால் வாட்ச் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். வாட்ச் கையில் இருக்கும்போது விழுவது குறைவு. மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் விழும். பக்கிளைக் கோத்துக்கொண்டே நடப்பது, கைகழுவும் தொட்டியின் மேல் நின்று கழற்றுவது, இரண்டையும் விட்டுவிடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து, மெத்தைக்கு மேலே கையை நீட்டி மாட்டுங்கள். ‘அதிர்வு தாங்கும்’ என்று எழுதியிருந்தால், 1 மீட்டர் உயரத்திலிருந்து மரத்தளத்தில் விழுவதற்கு நிகரான அடியைத் தாங்கும் என்றுதான் அர்த்தம். கல் தரைக்கு அந்த வாக்குறுதி செல்லாது. தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அது தூறலுக்கும் கைகழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும் மட்டும். சுத்தியல் பிடிக்கும் நாளிலும் மட்டை பிடித்து விளையாடும் நாளிலும் கழற்றி வையுங்கள். அப்புறம், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘டயல் பீங்கான்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதி வாங்குங்கள். முள்ளை எடுக்க நெம்பும்போது அந்த அழுத்தம் நேராக டயலின் நடுவில் இறங்கும். நான் அன்று இதைச் சொல்லாமல் விட்டேன்.

டிரெஸ் வாட்ச் என்றால் கோட்டு சூட்டோடுதான் கட்ட வேண்டும் என்ற விதியை நான் ஏற்பதில்லை. சாதாரணச் சட்டையோடு கட்டுங்கள், போதும்.

நண்பரின் அலமாரி யோசனையில் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. அலமாரியில் வைத்தால் டயல் ஒரே ஒளியில் அசையாமல் இருக்கும். பீங்கானின் அழகே அது அசையும்போதுதான் தெரியும். பெயின்ட் அடித்த வெள்ளை டயலில் ஒளி மேலேயே பட்டுத் திரும்பிவிடும். பீங்கானில் கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற மேற்பூச்சுக்குள் கொஞ்சம் இறங்கித் திரும்புகிறது. காலையில் ஜன்னல் பக்கம் கையைத் திருப்பினால் வெள்ளைக்குள் ஒரு நீலச் சாயல் வரும். மாலை விளக்கில் அதே டயல் பால் நிறத்துக்குப் போகும். பூச்சு முழுக்கச் சமமாக இருக்காது, துளையின் ஓரத்தில் மெல்ல வழிந்து உருண்டிருக்கும். இதையெல்லாம் நேரம் பார்க்கிற சாக்கில், ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கத்தானே அத்தனை ஆண்டு சேமித்தீர்கள்?

தாத்தாவின் வாட்சுக்குச் சாவி கொடுக்கும் முன், எனாமல் டயலைக் கழற்றிப் பழகிய ஒருவரிடம் கொடுத்துப் பழைய எண்ணெயைச் சுத்தம் செய்து புது எண்ணெய் போடச் சொல்லுங்கள். விரிசலைப் பசை போட்டு நிரப்பித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.