கடலரசன் நெப்டியூனின் தர்பார்

கேள்வி: கப்பல் நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது புதிய மாலுமிகளுக்குச் சடங்கு நடத்துவார்களாமே? அது கொடுமையாக இராதா?

பதில்: பல நாட்டுக் கடற்படைகளில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. மூத்த மாலுமி ஒருவர் தாடியும் திரிசூலமுமாகக் கடலரசன் நெப்டியூன் வேடமிட்டு மேல்தளத்தில் தர்பார் நடத்த, முதன்முறையாக நிலநடுக்கோட்டைக் கடப்போர், பதவி வேறுபாடின்றி, அவர்முன் நிறுத்தப்படுவர். 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் சென்ற சார்லஸ் டார்வினும் தப்பவில்லை. அவருடைய கண்களைக் கட்டி, முகத்தில் கீலும் வண்ணமும் பூசி, இரும்பு வளையத் துண்டால் 'சவரம்' செய்து, நீர் நிரப்பிய பாய்த்துணிக்குள் தலைகுப்புறக் கவிழ்த்தார்கள். அது தமக்குப் பிடிக்கவில்லை என்றே அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

கொடுமையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அடியும் அவமதிப்பும் எல்லை மீறியதால், அமெரிக்கக் கடற்படை உள்ளிட்டவை விதிகளைக் கடுமையாக்கின. விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்தும். ஆயினும் ஓய்வுபெற்ற மாலுமிகள் பலர், அன்று பெற்ற 'ஷெல்பேக்' (நிலநடுக்கோட்டைக் கடந்தவர்) சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, பெருமையோடு காட்டுகிறார்கள். நிலநடுக்கோடும் 180 பாகைத் தீர்க்கரேகையும் சந்திக்கும் புள்ளியில் கடந்தவர்களுக்கு 'தங்க ஷெல்பேக்' என்ற தனிப்பட்டமும் உண்டு.