ஹங்கேரி யூத முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: நான் தமிழ்ப் பெண். கணவர் மும்பை அருகிலுள்ள தானே நகரைச் சேர்ந்த யூதர், மகாராஷ்டிரத்தில் பல தலைமுறைகளாக வாழும் பெனே இஸ்ரேல் சமூகத்தவர். 14 வயது மகள் ஜூலையில் ஹங்கேரியின் சர்வஷ் என்ற ஊரில் நடக்கும் யூதப் பிள்ளைகளின் கோடை முகாமுக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளுக்கு ஹீப்ரூ தெரியாது. ஒதுக்கிவிடுவார்களோ? என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்த கையோடு, 1990இல் ஜேடிசி என்ற யூத உதவி அமைப்பும் லாடர் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய முகாம் இது. உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் பல குடும்பங்கள் தாங்கள் யூதர் என்பதையே வெளியே சொல்லாமல் வாழ்ந்தன. ஓரளவு வளர்ந்த பிறகே பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்த வீடுகள் உண்டு. கலப்புத் திருமண வீடுகளும் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்காக உருவான இடம் என்பதால் பாட்டு, ஜெபம், ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவுச் சடங்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்லித்தருவார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். இந்தியாவிலிருந்தும் குழுவாகப் போவது உண்டு. அப்படிப் பெரியவர்களோடு சேர்ந்து அனுப்புவதுதான் நல்லது.

ஒன்றை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். மரபான யூதச் சட்டம் தாய்வழியில்தான் யூத அடையாளத்தைக் கணக்கிடுகிறது. "உன் அம்மா யூதரா?" என்று யாராவது கேட்கலாம். அந்தக் கேள்வியை அவள் முதன்முதலில் அங்கே போய் எதிர்கொள்ளக் கூடாது. விண்ணப்பத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது விசாவுக்குத்தான். ஹங்கேரி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம் நெருக்கும், அதற்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்கிவிடுங்கள். 12 வயதைத் தாண்டிவிட்டதால் கைரேகை கொடுக்க அவளே நேரில் வர வேண்டும். கட்டணமும் பெரியவர்களுக்கான 90 யூரோதான். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், முகாமின் அழைப்புக் கடிதம் வேண்டும். பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். சிறார் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் பள்ளி. பெயர்தான் கோடை முகாம். ஜூலையில் உங்கள் ஊரில் வகுப்பு மும்முரமாக நடக்கும். பள்ளியின் விடுப்புக் கடிதத்தை விசாக் கோப்பிலும் வையுங்கள்.

சாப்பாடு கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி சமைத்தது. இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் பரிமாற மாட்டார்கள், ஆகவே கோழிக்கறி சாப்பிட்ட கையோடு பால் டீ கிடைக்காது! மாட்டிறைச்சி வேண்டாமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வரும் திஷா பஆவ் என்ற யூத உபவாச நாள் அவள் இருக்கும் தேதிகளில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், அன்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு எப்படி என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.