பால்சா விமான கிட்: பாக்ஸ் திறந்தா ரிட்டர்ன் கிடையாதா?

கேள்வி: அண்ணே, நாங்க தக்கலை பக்கம். எனக்க மவன் எட்டாம் கிளாஸ் படிக்கான், ரப்பர் முறுக்கி பறக்க விடுற பால்சா மர விமான கிட் ரொம்ப நாளா கேட்டான்னு ஆன்லைன்ல 1,400 ரூவாய்க்கு வாங்கினோம். பிரிச்சு பாத்தா ரெண்டு ஷீட் கீறி கெடக்கு, இறக்கைக்குள்ள வாற ரிப் எல்லாம் நசுங்கி இருக்கு, முன்னால சுத்துற புரொப்பல்லரை காணவே காணோம். கேட்டா, பாக்ஸ் திறந்தாச்சு இனி ரிட்டர்ன் கிடையாது, பால்சான்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதாங்க. பைசா போச்சா?

பதில்: போகல தங்கச்சி, விடாதீங்க. பாக்ஸை திறக்காம உள்ள என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும், அதனால அந்த பேச்சே செல்லாது. குறையுள்ள பொருளையோ சொன்னதுக்கு மாறா வந்த பொருளையோ விக்கிறவங்க திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு 2020ல வந்த ஈ-காமர்ஸ் விதியிலயே இருக்கு. பில்லுல நாள் எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுத்து பணம் கொடுக்கணும், மறுத்தா அது நியாயமில்லாத வியாபாரம்னு 2019 நுகர்வோர் சட்டமும் சொல்லுது.

ஆனா புகார்ல எதை எழுதணும்ங்கிறதுல கவனமா இருங்க. பால்சா உண்மையிலேயே மெத்துன்னு இருக்கிற மரம், நகத்தால அமுக்கினா தடம் விழும், ஒரே கிட்டுல ஒரு ஷீட் கட்டியாவும் இன்னொண்ணு லேசாவும் வரும், அதையெல்லாம் குறைன்னு எழுதினா அவங்க அந்த ஒண்ணையே புடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் தள்ளிருவாங்க. புரொப்பல்லர் இல்லாதது குறை, ஷீட் கீறினது குறை. ரிப் நசுங்கினது ரெண்டுங்கெட்டான், அச்சு வச்சு அமுக்கி வெட்டுற பழைய மாதிரி கிட்ல அச்சு மொட்டையாகிட்டா மரம் வெட்டுப்படாம நசுங்கத்தான் செய்யும், ஆனா விளம்பரத்துல லேசர் கட்னு போட்டிருந்தா அதுவும் உங்க பக்கம்தான். லேசர்ல வெட்டினா ஓரம் பழுப்பா கருகி இருக்கும், பாத்தாலே தெரியும்.

அதனால இனி ஒரு துண்டைக்கூட ஷீட்டுல இருந்து பிரிக்காதீங்க, பசையும் தொடக்கூடாது, பையனை கொஞ்சம் பொறுக்க சொல்லுங்க. கிட்டுக்குள்ள வந்த பாகங்களோட பட்டியலையும் ஷீட்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து, விளம்பர பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் சேர்த்து அந்த தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க, போன்ல பேசினதோட விட்டுராதீங்க. 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துக்குள்ள முடிச்சு தரணும். அசையலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அதுக்கும் மேல போகணும்னா நாகர்கோவில்ல நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. விக்கிறவன் டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற இடத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரை உள்ள பொருளுக்கு கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். 1,400 ரூவாய்க்கு இவ்வளவு அலைச்சலான்னு தோணும், ஆனா ஆசையா காத்திருந்த பிள்ளை கையில குறையுள்ள கிட்டை கொடுத்துட்டு பால்சான்னா அப்படித்தான்னு சொல்றவங்களை சும்மா விடக்கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்த தடவை வாங்கும்போது ரப்பர், புரொப்பல்லர், இறக்கை மேல ஒட்டுற டிஷ்யூ பேப்பர், பிளான் எல்லாம் உள்ள வருதான்னு பாருங்க, பசையும் கத்தியும் பொதுவா தனியாத்தான் வாங்கணும். தனி ஷீட் வாங்குறவங்க எடை போட்டு வாங்குங்க, 36 இஞ்ச் நீளம் 3 இஞ்ச் அகலம் ஒன்றரை மில்லி கனம்னா 10ல இருந்து 20 கிராமுக்குள்ள இருந்தா இறக்கைக்கு நல்லது, 30க்கு மேல போனா பறக்க கஷ்டம். இம்புட்டு லேசான மரத்துக்கு ஏன் இந்த விலைன்னு கேப்பாங்க, உலகத்துக்கே பெரும்பாலும் ஈக்வடார்ல இருந்துதான் வருது, காத்தாலை இறக்கைக்குள்ள வைக்கவும் இதே மரத்தைத்தான் கேக்காங்க, 2020 வாக்குல அந்த கிராக்கியில விலை நல்லா ஏறிச்சு. முப்பந்தல்ல காத்தாலையை பாத்து வளர்ற நம்ம ஊர் பிள்ளைகளுக்கு இதை சொல்லி கொடுங்க.

கேள்வி: குளச்சல்ல இருக்கேன். கிட்ல வந்த டிஷ்யூ பேப்பரை ஒட்டி தண்ணி தெளிச்சேன், இறக்கை முறுக்கிக்கிச்சு. பேப்பர் மட்டமா, வேற வாங்கணுமா?

பதில்: வாங்க வேண்டாம், பேப்பர் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. காயும்போது அது சுருங்கி இழுக்கும், அதனால தண்ணி தெளிச்ச உடனே இறக்கையை பலகையில குண்டூசி வச்சு புடிச்சு நல்லா காயிறவரை எடுக்கக்கூடாது. இப்போ கெட்டில் ஆவியில லேசா காட்டி எதிர்பக்கமா முறுக்கி ஆறுற வரைக்கும் புடிச்சிருங்க, நிமிர்ந்துரும். நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, போதாததுக்கு கடல்காத்து, ஈரம் ஏறினா பேப்பர் தொய்யும். அதுக்கு மேல டோப் (பேப்பர் மேல பூசுற வார்னிஷ் மாதிரி ஒண்ணு) அடிக்கணும்னா வெயில் காஞ்ச நாளா பாத்து தண்ணியா கலந்து அடிங்க, மழை நாள்ல அடிச்சா வெள்ளை பூத்துரும். பறக்க விட ஆரல்வாய்மொழி பக்கம் போயிராதீங்க, அந்த காத்துக்கு இது தாங்காது, விடியக்காலம் காத்து எழும்புறதுக்கு முன்னால ஸ்கூல் கிரவுண்டே போதும்.